வண்டியைப் பற்றி அம்சா சொன்னது

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போயிருந்த கால் லிட்டரைக் காய்ச்சினேன். காபித் தூள் தீர்ந்திருந்தது. பாலைக் குடித்தேன். அடிபம்பில் மூன்று குடம் அடித்தேன். முன்பு எட்டுக் குடம் வேண்டியிருந்தது. குளித்தேன். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் சைட் காரில் உட்கார வைத்தேன். பிறகு ஸ்கூட்டரை உதைக்க ஆரம்பித்தேன்.

பதினெட்டாவது உதையில் கிளம்பியது. எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தெருவில் கொசு மருந்து அடித்ததுபோல் இருந்தது.

கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டருக்கு இடது பக்கம் ஒரு சைட் கார் உண்டு. அதில் ஆள் இல்லாமல் இடது பக்கம் திரும்பினால் அது திரும்பாது, மேலே எழும்பும். என் மனைவி அம்சா இறந்து பதினேழாம் நாள் விக்கிரவாண்டியில் இதைக் கண்டுபிடித்தேன். திண்டிவனத்தில் மெக்கானிக் சனாவுல்லாவிடம் சொன்னேன்.

"ஆளு உக்கார்ற எடத்துல வெயிட் இல்லாட்டி அப்பிடித்தான் சார் தூக்கும். அம்மா எவ்ளோ வெயிட் இருந்தாங்க?"

"நாற்பத்தாறு கிலோ," என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது.

"அந்த அளவுக்கு எதுனா வெச்சிக்குங்க."

நான் விழுப்புரம் சர்வே அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பின்புறம் நிலம் அளந்து நடும் எல்லைக் கற்கள் குவிந்து கிடக்கும். ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. எடுத்துக்கொண்டேன். பெயின்ட் உரசாமல் இருக்க ஒரு துணியைச் சுற்றினேன். அலமாரியில் கைக்குக் கிடைத்தது மஞ்சள் துணி.

வண்டி என் மாமனார் தேவநாதன் கொடுத்தது. அவர் கிராம சேவக்காக இருந்தவர். ஊர் ஊராக விதையும் உரமும் கொண்டுபோக வாங்கிய வண்டி. அப்போது அம்சாவுக்கு நான்கு வயது. எண்பத்தொன்றில் எங்கள் கல்யாணத்தின்போது அதைக் கழுவி, மாலை போட்டு எனக்குக் கொடுத்தார். அம்சாவுக்கு இருபத்தொன்று, வண்டிக்குப் பதினேழு. போன தை மாதம் அம்சாவுக்குக் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோராம் நாள் இறந்துவிட்டாள்.

சுடுகாட்டில் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசியா எதுனா சொன்னாளா மாப்ள? என்னப் பத்தி எதுனா?"

அப்போது என் தலையில் வண்டி மட்டும்தான் இருந்தது. "வண்டிய விக்க வேணாம்னு சொன்னா மாமா," என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அதை என்னிடமே சொன்னார்கள். சிலர் அழுதார்கள். வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னாளாம் என்றார் ஒருவர். அவள் இருந்தது மூன்றாவது மாடி. நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அதைச் சுற்றி வந்து பார்ப்பார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். அவருக்கு அதில் ஏதோ நிம்மதி இருந்தது. எனக்குச் சனிக்கிழமையே முதுகு வலிக்கும்.

நான் சொல்ல வந்த ஞாயிறு அமாவாசை. வண்டி நின்றது திண்டிவனத்தில், செஞ்சி பஸ் நிற்கும் இடத்துக்கு நேராக. முதலில், இரும்புச் சட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் வரவில்லை.

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ரோடு முழுக்க நின்றது. மஞ்சள் புடவைகள், கையில் வேப்பிலை, எலுமிச்சம்பழம். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு அம்மாள் சைட் காரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"எந்த ஊரு ஆத்தா சார் இது?"

"விழுப்புரம்," என்றேன். "சர்வே ஆபீஸ்."

"ஏய் பாஞ்சாலி, இங்க வா. சர்வே ஆபீஸ் அம்மனாம்டீ."

"அம்மன் இல்லைங்க. வெறும் கல்லு."

"எல்லாம் கல்லுதான் சார். அதுக்குன்னு அப்பிடிப் பேசலாமா? படிச்சவங்களா இருக்கீங்க."

"இது பேலன்ஸுக்கு வெச்சது."

"இன்னாத்துக்கு வெச்சீங்களோ, ஆத்தா வந்து உக்காந்துட்டா." அவர் குங்குமத்தை எடுத்துக் கல்லின் நெற்றியில் வைத்தார். கல்லுக்கு நெற்றி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "தனியாவா அழைச்சிக்கினு வர்றீங்க? பம்பை இல்ல, உடுக்கை இல்ல. பொம்பளைங்க யாரும் கூட வர்லியா?"

"இல்லை."

"வண்டி எப்ப நின்னுச்சி?"

"இப்பத்தான்."

"பார்த்தியாடி, நம்மளப் பார்த்ததும் நின்னுட்டா. நகர மாட்டேன்றா. எது வரைக்கும் போவணும் சார்?"

"மெக்கானிக் ஷெட் வரைக்கும்."

அவர்கள் அதையும் ஏதோ கோயில் மாதிரித்தான் எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் பேர் தள்ளினார்கள். ஒருவர் முன்னால் நடந்து வேப்பிலையால் வழி விலக்கினார். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனது. அந்த ரோட்டில் அப்படி ஒரு மரியாதை அந்த வண்டிக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. குலவைச் சத்தத்தோடு சனாவுல்லா ஷெட்டுக்குள் போனேன்.

சனாவுல்லா ஸ்பேனரோடு வெளியே வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். அவர் தம்பிகள் இருவரும் துபாயில் இருந்தார்கள். இவர் மட்டும் எஞ்சின்களை விட்டுப் போகவில்லை.

"இன்னா சார், ஊர்வலமா வர்றீங்க?"

"வண்டி நின்னுபோச்சு. கல்லை இறக்குங்க, பார்க்கலாம்."

அவர் கல்லைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "நான் தொட மாட்டேன் சார்."

"வாரா வாரம் நீங்கதானே இறக்குறீங்க?"

"போன வாரம் வரைக்கும் கல்லு. இன்னிக்கு குங்குமம் வெச்சிக்கினு வந்திருக்கு. கிரீஸ் கையோட நான் தொட்டு, நாளைக்கு யாருனா ஒண்ணு சொன்னா பேஜாரு. உங்க சாமிய நீங்களே எறக்குங்க."

இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் அதன்முன் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு கட்டிக் கற்பூரமும் வந்துவிட்டன. சனாவுல்லா தன் பழைய டயர்களை அங்கிருந்து மெதுவாக வேறு பக்கம் மாற்றினார். அதற்குப் பிறகு அந்தக் கல்லை நான் திருப்பிக் கேட்கவில்லை. அரசாங்கமும் கேட்கவில்லை.

எஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் அவர் எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். சனாவுல்லா கெட்ட செய்தியை நேராகச் சொல்ல மாட்டார். டீ வரவழைத்தால் கிளட்ச் அல்லது கார்புரேட்டர். டீயோடு பன்னும் வந்தால் எஞ்சின். அன்று டீ வந்தது, பன் வந்தது, கடைசியாக வெண்ணெய் பிஸ்கட்டும் வந்தது.

"சாப்பிடுங்க சார்."

"சொல்லுங்க."

"சாப்பிட்டுக்கினே கேளுங்க. எஞ்சின கீழ எறக்கணும். பிஸ்டன் ஒடஞ்சிபோச்சி. போர் தேஞ்சிபோச்சி. கிராங்க் ஆடுது. கியர்ல பல்லு இருக்கிற எடத்த விட இல்லாத எடம் ஜாஸ்தி. சைட் கார் ஜாயிண்டுல விரிசல், அதுவும் நான் போன வருஷம் பத்த வெச்ச எடத்துலியே திரும்ப விட்டிருக்கு. ஃப்ளோர் துரு."

"நல்லா இருக்கறது எது?"

யோசித்தார். "ஹாரன்." அமுக்கிக் காட்டினார். சத்தம் வரவில்லை. "ஒயரு சார். சின்ன வேலதான்."

"செய்யலாமா, வேண்டாமா?"

"செய்யலாம். என்னால ஆவாதுன்னு நான் எந்த வண்டியையும் சொன்னதில்ல. ஆனா செஞ்சி முடிச்சா, பழசுல மிஞ்சப்போறது நம்பர் பிளேட்டுதான். சாமானுக்கு மெட்ராஸ் புதுப்பேட்டையில ஒரு வாரம் சுத்தணும். அந்தக் காசுக்கு ஓடற வண்டியா ஒண்ணு வாங்கிடலாம் சார்."

"இதை மாமாகிட்ட சொல்லுங்க."

"நானா? கிளட்ச் வீக்குன்னு சொன்னதுக்கே ஒரு வாரம் இந்தப் பக்கம் வர்ல அவரு. அதுவும் அம்மா சொல்லிட்டுப் போன வண்டி. அவங்க கடைசிப் பேச்சுக்கு மேல நான் எப்பிடி சார் பேசறது?"

பன்னைக் கடித்தேன்.

மாமா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அம்மன் ஊர்வலம் ஒன்று அவருடைய ஸ்கூட்டரில் போனதாக மார்க்கெட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழற்றிப் போட்ட சாமான்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி வைத்தார்.

"எல்லாம் செஞ்சா எத்தினி வருஷம் ஓடும் சனாவுல்லா?"

"நல்லா ஓட்னா மூணு வருஷம்."

"செய்யி."

"மாமா, கொஞ்சம் யோசிக்கலாம்," என்றேன்.

"யோசிக்க இன்னா இருக்கு மாப்ள? பொண்ணு வாயத் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"பணம்?"

"அது எம்பாடு."

சைக்கிளில் ஏறிப் போனார். வீட்டுப் பக்கம் போகவில்லை. மாட்டுத் தரகர் தாண்டவராயன் வீட்டுப் பக்கம் போனார். அதை எனக்கு அத்தைதான் சொன்னார்.

அத்தை என்றால் என் மாமியார், கோவிந்தம்மாள். வீட்டில் எனக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே சொன்னார். "நாலு மணிக்கு ஆளு வரானாம். மாட்டக் குடுக்கப் போறாரு."

பின்பக்கம் மாடு கட்டியிருந்தது. சிவலை. இரண்டாவது ஈத்து. அத்தையைத் தவிர யார் கை வைத்தாலும் உதைக்கும்.

"பென்ஷன் அரிசிக்கே சரியாப் போவுது. மீதியெல்லாம் அந்தப் பாலுலதான் நடக்குது. அது பால் குடுக்குது, சாணி குடுக்குது. அந்த வண்டி இன்னாத்த குடுக்குது? பொகை."

"வேணாம்னு நீங்க சொல்லலையா அத்தை?"

"சொல்லாம இருப்பனா? 'எம்பொண்ணு பேச்சுக்கு முன்னாடி மாடு பெருசா'ன்னு கேக்கறாரு. அதுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?" வேர்க்கடலைத் துவையலை இலையில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா மாப்ள? அவ நெசமாவே அப்பிடிச் சொன்னாளா? சின்னதுலேர்ந்து அந்தத் தொட்டியில உக்காந்து வந்தவ. ஒருநாளு அதப்பத்தி நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல. எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தெரு முன்னாடியே எறக்கி வுடச் சொல்லி அழுவா."

"களி நல்லா இருக்கு அத்தை. இன்னும் கொஞ்சம் வைங்க."

"அது சோறு மாப்ள."

பார்த்தேன். சோறுதான்.

நான்கு மணிக்குத் தாண்டவராயன் வந்தார். மாட்டின் பல்லைப் பார்த்தார். மடியைப் பார்க்கக் குனிந்தார். மாடு உதைத்தது. "சுறுசுறுப்பான மாடு," என்று சொல்லி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மாமா வலது கையை நீட்டினார். இரண்டு கைகளின் மேலும் துண்டு விழுந்தது.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். சந்தையில் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. இங்கே பக்கத்தில் இருந்தது நானும் அத்தையும் மாடும்தான். இருந்தாலும் துண்டு போட்டார்கள்.

துண்டு அசைந்தது. மாமா தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி அசைந்தது. "இதுக்கு மேல ஒரு விரல் வராது தேவநாதன். மடியப் பாரு." அத்தை தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதுபோல் திரும்பி நின்றுகொண்டார். வாளி காலியாக இருந்தது. துண்டு மூன்றாவது தடவை அசைந்து நின்றது. மாமாவின் முகம் சரி சொல்லப் போகிற முகமாக மாறியது.

"மாமா, அவ அப்பிடிச் சொல்லல," என்றேன்.

"யாரு?"

"அம்சா. வண்டிய விக்க வேணாம்னு அவ சொல்லல. நான்தான் சொன்னேன்."

தாண்டவராயன் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "கைய எடுத்துக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இரு," என்றார் மாமா. என் பக்கம் திரும்பவில்லை. "அப்ப ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாளா?"

"சொன்னா."

"என்னப் பத்தியா?"

"உங்களப் பத்தியும்தான்."

"அப்ப ஏன் அன்னிக்கு மாத்திச் சொன்ன?"

சொன்னேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பத்தாம் நாள் சாயந்திரம் அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை வராந்தாவில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். என்னை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் காலையில் வரச் சொன்னாள். போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினாள். இரவு அவளுக்கு நினைவு தப்பியது. அதன் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. அது எனக்குத் தெரியாது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்டமங்கலத்தில் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினேன். துடைத்தேன், மாட்டினேன், உதைத்தேன். மறுபடி கழற்றினேன். மூன்று பஸ் என்னைத் தாண்டிப் போயின. கடைசியில் ஒரு சைக்கிள் கடையில் வண்டியை விட்டுவிட்டு நான்காவது பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஒன்பது நாற்பது.

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புச் சீட்டில் ஒன்பது பத்து என்று எழுதியிருந்தது. அது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"பஸ்ஸு கெடைக்கலன்னு சொன்னீங்களே அன்னிக்கு," என்றார் அத்தை.

"ஆமாம். அதுவும் பொய்தான்."

மாமா மாட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அவ இன்னா சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு. நீ ஒண்ணும் சேக்காத."

சொன்னேன்.

முதலில் சிரித்தது தாண்டவராயன். உடனே கையால் வாயைப் பொத்தப் போனார். கை துண்டுக்குள் மாமாவிடம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு," என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அப்போது அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. "அவளேதான்," என்றார். "அவ வாயேதான்." தாண்டவராயனின் கையை விட்டார். துண்டை மடித்து அவர் தோளில் போட்டார். "மாட்டக் குடுக்கல தாண்டவராயா. காபி சாப்ட்டுப் போ."

சனாவுல்லா வண்டியைச் சாமான் சாமானாக எடுத்துக்கொண்டார். சைட் காரை ஒரு இளநீர்க்காரர் வாங்கினார். அவர் அதைத் தன் தள்ளுவண்டியோடு இணைத்துக்கொண்டார். நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போகிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். மாமா பஸ் ஸ்டாண்டில் நிற்பார். வண்டி இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று முதல் வாரம் நினைத்தாராம். அத்தை சொன்னார். வீட்டுக்கு நடக்கிற வழியில் மாமா ஒரு தடவை கேட்பார். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்வேன். இதுதான் அவள் சொன்னது:

"காலையில பஸ்ல வாங்க. அந்த வண்டிய நம்பிக் கெளம்புனீங்கன்னா, எனக்கு ஒடம்பு நல்லாயி நானே வீட்டுக்கு வந்துடுவேன், நீங்க நடுரோட்டுல பிளக்கத் தொடச்சிக்கினு நிப்பீங்க. இத எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ரெண்டு நாளு சாப்புட மாட்டாரு."